பரதேசி யூதப்பள்ளி, மட்டாஞ்சேரி

பரதேசி யூதப்பள்ளி (1568) கேரளத்தில் கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் உள்ள யூத வழிபாட்டிடம். இந்தியாவில் இன்றும் நிற்கும் யூதப்பள்ளிகளில் மிகப் பழமையானது. சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவருக்கு அளித்த செப்பேடுகள் இங்கே பாதுகாக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், இந்தப் பள்ளிக்குள் சம உரிமை கோரி வழக்கறிஞர் ஏ.பி.சேலம் காந்திய முறையில் போராடினார். இதன் கட்டிடமும் சீன ஓடுகளும் பரவலாக அறியப்பட்டவை. அந்தப் போராட்டம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பெயர்

பள்ளி என்னும் சொல் தொடக்கத்தில் சமண, பௌத்த உறைவிடங்களைக் குறித்தது. பின்னர் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கிறித்தவ, இஸ்லாமிய, யூத வழிபாட்டிடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகியது. தக்கலை அருகே திருவிதாங்கோட்டில் உள்ள தோமையார் தேவாலயம் அரைப்பள்ளி என்றே அழைக்கப்படுகிறது. மட்டாஞ்சேரியின் யூத ஆலயமும் உள்ளூர் மக்கள் நாவில் ஜூதப்பள்ளிதான். தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புகள் ஜெப ஆலயம் என்ற சொல்லைக் கையாள்கின்றன.

பரதேசி என்றால் பிறதேசத்திலிருந்து வந்தவர். தமிழில் இன்று இச்சொல்லுக்கு இரந்துண்பவர் என்ற பொருளே மிஞ்சியிருக்கிறது. மலையாள வழக்கில் அது வெளிநாட்டார் என்ற நேர்ப்பொருளில் நின்றது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டார்கள். அதன்பின் ஐபீரியாவிலிருந்தும், பிற்காலத்தில் சிரியா, ஈராக், ஏமன், ஜெர்மனி ஆகிய இடங்களிலிருந்தும் கொச்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் பரதேசி யூதர்கள் எனப்பட்டனர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வேரூன்றியிருந்தவர்கள் மலபார் யூதர்கள். ஐரோப்பியப் பயணிகள் முதல் தரப்பை வெள்ளை யூதர் என்றும் இரண்டாம் தரப்பைக் கறுப்பு யூதர் என்றும் எழுதினார்கள். மலபார் யூதர்கள் அந்தப் பெயரை விரும்பியதில்லை. தோல் நிறத்தை மட்டும் வைத்து அந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

வேணாடும் யூதர்களும்

கேரள யூதர்களைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச்சான்று வேணாட்டிலிருந்து கிடைக்கிறது. பொ.யு. 849-ல் வேணாட்டரசர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவ ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் அளித்தார். அந்தச் செப்பேட்டின் இறுதியில் சாட்சிகளின் கையொப்பங்கள் அரபு, பாரசீக, ஹீப்ரு எழுத்துகளில் உள்ளன. ஹீப்ரு எழுத்தில் ஒப்பமிட்டவர்கள் நால்வர். அவர்கள் எழுதிய மொழி பாரசீகம். ஒரு கிறித்தவ ஆலயத்துக்கு இந்து அரசர் அளித்த கொடைக்கு யூதர்களும் முஸ்லிம்களும் சாட்சி நின்றிருக்கிறார்கள். கடல்வணிகம் அவர்களை ஓரிடத்தில் சேர்த்திருந்தது.

யூதர்களுக்கென்றே அளிக்கப்பட்ட ஆவணம் ஏறத்தாழ பொ.யு. 1000-ஐச் சேர்ந்தது. பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது இசுப்பு இரப்பான் என்பவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக்குழுப் பதவியையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்தான். இசுப்பு இரப்பான் என்பது ஜோசப் ரப்பான் என்ற யூதப் பெயரின் நாட்டு வடிவம். பட்டயம் வட்டெழுத்தில் உள்ளது. அதன் மொழியைத் தமிழறிந்தவர்கள் ஓரளவு தடையின்றிப் படித்துவிட முடியும். பகலில் விளக்கேந்திச் செல்லுதல், நடைபாவாடை விரித்தல், பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் ஆகியவை அவ்வுரிமைகளில் சில. சுங்கமும் துலாக்கூலியும் விலக்கப்பட்டன. பிற குடிகள் அரசனுக்குச் செலுத்திய வரிகளை அவர் செலுத்த வேண்டியதில்லை.

இன்றைய வாசகருக்கு நடைபாவாடையும் குடையும் அலங்காரப் பொருட்களாகத் தோன்றக்கூடும். அன்று யார் குடைபிடிக்கலாம், யார் பல்லக்கில் ஏறலாம் என்பதெல்லாம் சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆகவே இந்தப் பட்டயம் அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு வணிகக்குலத்துக்குச் சமூகப் படிநிலையில் மேல்வரிசையில் இடம் கொடுத்திருக்கிறது. பட்டயத்தின் சாட்சிகளில் முதலாமவர் வேணாட்டு உடையவரான கோவர்த்தன மார்த்தாண்டன். பிற்காலத் திருவிதாங்கூர் அரசு அந்த வேணாட்டின் தொடர்ச்சி. நாஞ்சில்நாடும் அந்த அரசின் பகுதியாக இருந்தது.

மட்டாஞ்சேரி

யூதர்களின் முதன்மைக் குடியிருப்பு கொடுங்கல்லூர். 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மண்மூடச் செய்து கொச்சியில் புதிய துறைமுகத்தை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. வணிகம் தெற்கே நகர்ந்தபோது யூதர்களும் நகர்ந்தனர். 1344-ல் கொச்சங்காடியில் அவர்கள் ஒரு பள்ளி கட்டினர். அது அழிந்துவிட்டது. அதன் கல்வெட்டு இப்போது பரதேசிப் பள்ளியின் வெளிச்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் நடந்த போர்களாலும் போர்ச்சுகீசியரின் மதக்கெடுபிடிகளாலும் கொடுங்கல்லூரில் எஞ்சியவர்களும் வெளியேறினார்கள்.

கொச்சி மன்னர் தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1568-ல் எழுந்த பள்ளிக்கும் அரண்மனை வளாகத்தில் உள்ள பழயன்னூர் பகவதி கோயிலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். போர்ச்சுகீசியர் கோவாவில் யூதர்களை விசாரணை மன்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. மன்னர் யூதர்களின் தலைவருக்கு முதலியார் என்ற பட்டத்தையும் அளித்தார். சமூகத்துக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் முதலியாருக்கு இருந்தது.

1662-ல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றுப் பின்வாங்கினர். யூதர்கள் டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று போர்ச்சுகீசியர் பள்ளியைச் சூறையாடித் தீவைத்தனர். மறு ஆண்டே டச்சுப் படை திரும்பிவந்து கொச்சியைக் கைப்பற்றியது, பள்ளியும் சீரமைக்கப்பட்டது. அடுத்த ஒரு நூற்றாண்டு கொச்சி யூதர்களின் பொற்காலம். டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் தலைமை வணிகராக இருந்த எசெக்கியேல் ரஹாபி (1694–1771) திருவிதாங்கூர் உள்ளிட்ட அரசுகளுடன் கம்பெனியின் சார்பில் மிளகு ஒப்பந்தங்களைப் பேசியவர். பள்ளியின் இன்றைய தோற்றத்தில் பெரும்பகுதி அவர் காலத்தது.

கட்டிடம்

வெளியிலிருந்து பார்த்தால் வெண்சுண்ணம் பூசிய சுவரும் சரிவான ஓட்டுக்கூரையும் கொண்ட எளிய கேரளக் கட்டிடம். 1760-ல் ரஹாபி கட்டிய மணிக்கூண்டு தெருவின் முனையிலிருந்தே தெரியும். அதன் கடிகார முகப்புகளில் ஹீப்ரு, ரோமன், மலையாள எண்கள் உள்ளன.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும். உலகின் பிற பகுதிகளில் யூத ஆலயங்களில் பொதுவாக இவ்வழக்கம் இல்லை. இது கோயிலிலிருந்து வந்தது. தரை முழுக்க நீலவண்ண ஓவியம் தீட்டிய வெள்ளைச் சீன ஓடுகள். கையால் வரையப்பட்டவை என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ரஹாபி அவற்றைச் சீனத்தின் காண்டன் துறைமுகத்திலிருந்து தருவித்தார். இந்த ஓடுகள் அரண்மனைக்காக வந்தவை, அவற்றைச் செய்ய மாட்டு இரத்தம் பயன்படுகிறது என்று யூதர்கள் சொன்னதும் மன்னர் அவர்களுக்கே கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வழிகாட்டிகள் இதை விரும்பிச் சொல்கிறார்கள். ரஹாபியின் வணிகத் தொடர்புகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கதை தேவையில்லை. சல்மான் ருஷ்டி 1995-ல் வெளியான தன் நாவலில் இந்த ஓடுகளை ஒரு மாயப்பொருளாகவே ஆக்கியிருக்கிறார்.

மேற்கூரையிலிருந்து பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளும் எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. மேற்குச் சுவரில், ஜெருசலேமின் திசையில், மரச்செதுக்கு வேலைப்பாடுள்ள பேழை இருக்கிறது. யூதர்களின் முதன்மை மறைநூலான தோராவின் தோல்சுருள்கள் அதற்குள் வைக்கப்படும். கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை. தொழுகையை நடத்துபவர் அங்கே நிற்பார். அதற்குத் தேபா என்று பெயர்.

கேரள யூதப்பள்ளிகளுக்கு மட்டுமே உரிய ஓர் அமைப்பு இங்கும் உண்டு. மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால், இரண்டாவது தேபா ஒன்று இருக்கிறது. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோரா அங்கிருந்து வாசிக்கப்பட்டது. மரபான யூத ஆலயங்களில் பெண்கள் திரைக்குப் பின்னால், வாசிப்பிலிருந்து விலகி இருப்பார்கள். இங்கே திரை இருந்தாலும் வாசிப்பு அவர்கள் அருகிலேயே நடந்தது. திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பெண்கள் பாடிய யூத மலையாளப் பாடல்கள் கையெழுத்து நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டன. ஆய்வாளர்கள் ஸ்கரியா சக்கரியாவும் பார்பரா ஜான்சனும் அவற்றைச் சேகரித்துப் பதிப்பித்துள்ளனர்.

பெஞ்சும் தரையும்

பள்ளியின் நுழைவுப்பகுதியில் ஒரு முன்னறை இருக்கிறது. பரதேசி யூதர்களின் அடிமைகளாக இருந்து யூத மதத்துக்குக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்றவர்களும் அவர்களின் சந்ததியினரும் அங்கேதான் அமரவேண்டும் என்பது விதி. ஹீப்ருவில் அவர்களுக்கு மெஷுஹ்ராரிம் என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். அவர்கள் கூடத்துக்குள் பெஞ்சுகளில் உட்காரக் கூடாது. தோரா வாசிக்க அழைக்கப்படமாட்டார்கள். பரதேசி யூதர்கள் அவர்களுடன் மணவுறவு கொள்ளமாட்டார்கள். இடுகாட்டிலும் இடம் தனி. கொச்சி அரசில் 1854-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குப்பின் பிறந்தவர்களுக்கும் அந்தப் பெயரும் அந்த இடமும் தொடர்ந்தன.

மலபார் யூதர்களுடனும் பரதேசிகள் மணவுறவு கொள்ளவில்லை. ஆனால் மலபார் யூதர்களுக்கு கடவும்பாகம், தெக்கும்பாகம், பறவூர், சேந்தமங்கலம், மாளை எனச் சொந்தப் பள்ளிகள் இருந்தன. மெஷுஹ்ராரிம்களுக்கு அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களில் ஒரு பகுதியினர் கொச்சிக்கோட்டைக்குச் சென்று தனியாகத் தொழுகை நடத்திப் பார்த்தனர். அது நிலைக்கவில்லை.

இந்த விலக்கு யூத மதச்சட்டத்தின்படி சரியா என்ற கேள்வி பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து எகிப்துக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்த பெரும் சட்ட அறிஞர்களான டேவிட் இப்ன் சிம்ராவும் யாக்கோப் காஸ்ட்ரோவும் பதில் எழுதினார்கள். முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்து விடுவிக்கப்பட்டவர் முழு யூதர், அவருடன் மணவுறவு கொள்ளலாம் என்பது அவர்களின் தீர்ப்பு. கொச்சியில் அது நடைமுறைக்கு வரவில்லை. 1686-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த மோசஸ் பெரேரா டி பைவாவின் குறிப்புகளிலும் அதே பிரிவினை பதிவாகியிருக்கிறது.

மதநூல் அனுமதிக்காத ஒன்றை நானூறு ஆண்டுகள் எது காப்பாற்றியது? சுற்றியிருந்த சமூகம்தான் என்று ஆய்வாளர்கள் நேதன் காட்ஸும் எலன் கோல்ட்பெர்க்கும் விளக்குகிறார்கள். கேரளத்தில் மதிப்புடன் வாழ ஒரு குலத்துக்குத் தூய்மை வேண்டும், தூய்மைக்கு அடையாளம் யாரை விலக்குகிறோம் என்பது. குடையும் பல்லக்கும் கொடுத்து மேல்வரிசையில் ஏற்றிய அமைப்பு அதன் விதிகளையும் சேர்த்தே கொடுத்தது. இந்த விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் முன்னறையில் உட்கார்ந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

ஏ.பி.சேலம்

ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) அந்த மெஷுஹ்ராரிம் சமூகத்தில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியிலும் பின் சென்னையிலும் படித்து, தன் சமூகத்தின் முதல் பட்டதாரியாகவும் வழக்கறிஞராகவும் ஆனார். 1925 முதல் 1931 வரையும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்க இயக்கத்திலும் ஈடுபட்டார். எர்ணாகுளத்தில் அவர் நின்று பேசும் மேட்டுக்கு சேலம் குன்று என்றே பெயர் வந்தது. 1929-ல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டார்.

சட்டசபைக்குள் நுழைய முடிந்தவரால் தன் பள்ளிக்குள் பெஞ்சில் அமர முடியவில்லை. முதலில் பள்ளியைப் புறக்கணித்தார். பின்னர் சத்தியாக்கிரகத்தைக் கையிலெடுத்தார். யூத காந்தி என்ற பெயர் அவருக்கு அதனால் வந்தது.

அவர் யாரிடமிருந்து கற்றார் என்பதற்கு அந்த ஆண்டுகளின் கேரள வரலாறே பதில். 1924–25-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1926-ல் நாஞ்சில்நாட்டில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் தெருக்களுக்காக டாக்டர் எம்.இ.நாயுடு முதலியோர் போராடினர். 1930-ல் அது மீண்டும் நடந்தது. 1936-ல் திருவிதாங்கூரில் ஆலயப்பிரவேச அறிவிப்பு வந்தது. வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் எதிரே நின்றது அரசும் கோயில் நிர்வாகமும். சேலத்துக்கு எதிரே நின்றவர்கள் நூறு பேரளவிலான ஒரு சிறு சமூகத்தில் தினமும் முகம்பார்த்து வாழவேண்டிய அயல்வீட்டார்.

மாற்றம் படிப்படியாகவே வந்தது. ஒரே நாளில் வெளியான அறிவிப்பு எதுவும் இல்லை. 1937-ல் மட்டாஞ்சேரிக்கு வந்த அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டதைக் கண்டார். பெஞ்சில் இடம் கிடைத்தது, பின்னர் தோரா வாசிக்கும் உரிமையும் கிடைத்தது. திருமணம் கடைசித் தடையாக இருந்தது. சேலத்தின் மகன் பரதேசி குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது மட்டாஞ்சேரியில் எதிர்ப்பு எழுந்தது, திருமணம் மும்பையில் நடந்தது.

அதே சமூகத்தில் பிறந்து இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றிய ரூபி டேனியல் (1912–2002), பார்பரா ஜான்சனுடன் இணைந்து எழுதிய தன்வரலாற்றில் இந்தக் காலத்தைப் பதிவுசெய்திருக்கிறார். 1995-ல் வெளிவந்த அந்நூல் முன்னறையின் பக்கத்திலிருந்து இப்பள்ளியைப் பார்க்கிறது.

முற்போக்கு யூதம்

சேலம் மதச்சீர்திருத்தவாதி அல்ல. சடங்குகளில் எதையும் மாற்றச் சொல்லவில்லை. மரபான சட்டமே தன் பக்கம் இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். யூத மதத்தில் சீர்திருத்த இயக்கம் என்பது வேறு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோன்றியது. தாய்மொழியில் வழிபாடு, ஆண்களும் பெண்களும் சேர்ந்து அமர்தல், மதச்சட்டத்தைக் காலத்துக்கேற்ப விளக்குதல் ஆகியவை அதன் கூறுகள். லண்டனில் 1902-ல் லிலி மாண்டகுவும் கிளாட் மாண்டிஃபியோரும் இதற்கென யூத மத ஒன்றியத்தைத் தொடங்கினர். அங்கே மருத்துவம் படிக்கச் சென்ற மும்பையின் பெனே இஸ்ரேல் சமூகத்தவரான டாக்டர் ஜெருஷா ஜிராட் அதன் தாக்கத்தைப் பெற்றார். 1925-ல் மும்பையில் அதே பெயரில் ஒரு சபையைத் தொடங்கினார். ரோதெஃப் ஷாலோம் என்ற யூதப்பள்ளி அதனுடையது. காமா மருத்துவமனையின் தலைவராக இருந்த அவருக்கு 1966-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மும்பையில் சமத்துவம் கோரியவர்கள் புதிய சபையைக் கட்டினர். அங்கே யூதர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர், அது சாத்தியமாயிற்று. மட்டாஞ்சேரியில் பிரிந்துபோகும் வழியை கொச்சிக்கோட்டைக்குச் சென்றவர்கள் ஏற்கெனவே முயன்று தோற்றிருந்தனர். சேலம் தன் முன்னோர் உட்கார்ந்த பள்ளிக்குள்ளேயே இருந்து வாதிட்டார்.

குடிபெயர்வும் இன்றைய நிலையும்

இஸ்ரேல் உருவானபோது கேரள யூதர்கள் சுமார் 2,500 பேர் இருந்தனர். 1950-களின் நடுவில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் ஊர் ஊராகக் கிளம்பிச் சென்றனர். அவர்களுக்காக இஸ்ரேல் அரசுடன் பேசியவர்களில் சேலமும் ஒருவர். அவர் கொச்சியிலேயே தங்கி 1967-ல் மறைந்தார். கைவிடப்பட்ட பள்ளிகளில் மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுள்ள உட்பகுதி கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது. சேந்தமங்கலம் பள்ளி அருங்காட்சியகமாகியது.

பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா 1968 டிசம்பரில் நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அதற்குப்பின் பரதேசிக் குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கூட்டுத் தொழுகைக்கு வயதுவந்த பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. அந்த எண்ணிக்கை உள்ளூரில் நிறையாமல் போய், பயணிகளாக வரும் யூதர்களைச் சேர்த்துக்கொண்டு தொழுகை நடத்தும் நிலை வந்தது. ஒருகாலத்தில் முன்னறைக்கு அனுப்பப்பட்டவர்களின் சந்ததியினரும் இப்போது இங்கில்லை.

பள்ளி பாதுகாக்கப்பட்ட நினைவிடமாகவும் சுற்றுலாத்தலமாகவும் நீடிக்கிறது. சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கைவினைப்பொருள் கடைகளும் நறுமணப்பொருள் கடைகளும் நிறைந்த யூதத்தெருவின் வழியே அங்கே செல்லவேண்டும். அந்தத் தெருவுக்கு இப்போது ஏ.பி.சேலம் சாலை என்று பெயர்.